பழைய இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டி ஊருக்குப் போய்வரலாமா?

கும்பகோணத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன், புது பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. இந்திய பாஸ்போர்ட்டை இன்னும் ஒப்படைக்கவில்லை, ஓசிஐ அட்டைக்கும் (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' அட்டை) விண்ணப்பிக்கவில்லை. இதற்கு நடுவில் ஊரில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள், அடுத்த வாரக் கடைசியில் கிளம்பியாக வேண்டும். டிக்கெட் போட்டுத் தருகிறவர், "இந்திய பாஸ்போர்ட்டில் 2029 வரை தேதி இருக்கிறதே, போகும்போது அதைக் காட்டுங்க, வரும்போது அமெரிக்க பாஸ்போர்ட்டைக் காட்டுங்க, நிறைய பேர் அப்படித்தான் போறாங்க" என்கிறார். உண்மையா? பெற்ற தாயைப் பார்க்க நான் விசா கேட்டு நிற்க வேண்டுமா என்று மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

நெவார்க்வாசி:
தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தத் தேதியை நம்பாதீர்கள். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, விருப்பப்பட்டு வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நிமிடத்திலேயே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுத்ததே அதற்கு முடிவான சான்று என்று விதியில் இருக்கிறது, அது செல்லும் என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக உங்கள் கையில் இருப்பது குடிமகன் அல்லாத ஒருவரிடம் இருக்கும் இந்திய பாஸ்போர்ட்.

சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் எங்கே மாட்டுவீர்கள் என்று பாருங்கள். போகும்போது ஒருவேளை யாரும் கேட்காமல் இருக்கலாம். திரும்பும்போது சென்னையில் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் அமெரிக்காவுக்குள் நுழைய என்ன ஆவணம் என்று கேட்பார்கள். கிரீன் கார்டை உறுதிமொழி அன்றே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அமெரிக்க பாஸ்போர்ட்டைத்தான் நீட்ட வேண்டும். அடுத்து குடிநுழைவு அதிகாரி முன்னால் நிற்கும்போது, இந்தியாவுக்குள் வந்த முத்திரை ஒரு பாஸ்போர்ட்டில், வெளியே போகிற பாஸ்போர்ட் இன்னொன்று, அதில் விசாவும் இல்லை. அந்த இடத்தில் உங்களால் என்ன பதில் சொல்ல முடியும்?

இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கும் இ-விசா எடுங்கள். சொந்தக்காரர்களைப் பார்க்க அது போதும். வந்து சேரும் நாளுக்குக் குறைந்தது 4 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் இன்றைக்கே உட்காருங்கள். விண்ணப்பத்தில் குடியுரிமை பிறப்பால் வந்ததா, பிற்பாடு பெற்றதா, முன்பு எந்த நாடு என்று கேட்கும். உள்ளதை அப்படியே எழுதுங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் காசு பிடுங்கும் போலித் தளங்கள், முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிற அரசு தளம்தானா என்று பாருங்கள்.

பழையமதுரை:
நெவார்க்வாசி சார் பயமுறுத்துகிறார். எனக்குத் தெரிந்து பழைய பாஸ்போர்ட்டிலேயே போய்வந்தவர்கள் நிறைய பேர், யாரையும் ஜெயிலில் போடவில்லை. பிற்பாடு பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்போது அபராதம் கட்டினார்கள், அவ்வளவுதான். ஒருவர் எந்த மண்ணில் பிறந்தார் என்பதைச் சட்டம் மாற்ற முடியாது. அம்மாவுக்கு ஆபத்து என்கிற நேரத்தில் போர்ட்டலும் படிவமும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

என் கோபம் வேறு இடத்தில். ஒவ்வொரு ஜனவரி 9-ஐயும் வெளிநாடுவாழ் இந்தியர் தினம் என்று கொண்டாடுகிறார்கள், மேடை போட்டு நம் வேர், நம் ரத்தம் என்று பேசுகிறார்கள். அதே அரசு குடியுரிமை என்று வரும்போது நம்மை வெளிநாட்டவர் வரிசையில் நிறுத்துகிறது. 2003-ல் சட்டத்தைத் திருத்தி 16 நாடுகளில் இருப்பவர்களுக்கு முதலில் இந்த ஓசிஐ ஏற்பாடு வந்தபோது எல்லாரும் அதை இரட்டைக் குடியுரிமை என்றுதான் சொன்னார்கள். வந்தது என்ன? ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பெயரில் மட்டும் குடிமகன், உள்ளே ஆயுள்கால விசா.

தஞ்சைமண்:
விவசாய நிலம் பற்றி ஒரு திருத்தம். ஓசிஐ வைத்திருப்பவர் வயல், தோட்டம், பண்ணை வீடு *வாங்க*த்தான் முடியாது. அப்பா சொத்து வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் பங்கு பிரிக்கும்போது "நீ அமெரிக்காக்காரன், உனக்கு நிலத்தில் உரிமை இல்லை" என்று சொந்தச் சித்தப்பாவே சொன்னார், வக்கீல் வைத்துப் பேச வேண்டியிருந்தது. இந்த அரைகுறைத் தகவலால் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே இந்த மாதிரி விஷயத்தை எழுதும்போது கொஞ்சம் முழுசாக எழுதுங்கள் அண்ணா.

நெவார்க்வாசி:
பழையமதுரை, 'யாரையும் ஜெயிலில் போடவில்லை' என்பது போன காலத்துக் கதை. 2025 செப்டம்பர் 1 முதல் குடிநுழைவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் என்று புதிதாக ஒன்று அமலில் இருக்கிறது, 1920 பாஸ்போர்ட் சட்டம், 1946 வெளிநாட்டவர் சட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வந்தது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் உள்ளே வரும் வெளிநாட்டவருக்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னும் மோசமானது, வெளிநாட்டுக் குடியுரிமையை மறைத்து இந்திய பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது. 1967 பாஸ்போர்ட் சட்டத்தில் அதற்குக் குறைந்தபட்சமே 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. அபராதத்தோடு தப்பித்தவர்கள் தாங்களே முன்வந்து ஒப்படைத்தவர்கள். விமான நிலையத்தில் பிடிபடுவது வேறு கணக்கு.

ஓட்டு இல்லை என்கிறீர்கள். இந்திய பாஸ்போர்ட்டை விடாமல் இங்கே கிரீன் கார்டில் இருப்பவருக்கு 2010 திருத்தத்துக்குப் பிறகு ஓட்டு உண்டு, நேரில் போய்ப் போட வேண்டும், ஆனால் உரிமை இருக்கிறது. நாம் அதை விட்டுக்கொடுத்துத்தான் அமெரிக்கக் குடியுரிமையை எடுத்தோம். நீதிபதி முன்னால் கையைத் தூக்கி, முன்பு குடிமகனாக இருந்த நாட்டின் மீதுள்ள விசுவாசத்தை முழுவதுமாகத் துறக்கிறேன் என்று சொன்னோம். அதைச் சொல்லிவிட்டு இந்தியாவைப் பார்த்து நீ ஏன் என்னைக் குடிமகனாக நடத்தவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பழையமதுரை:
அந்த உறுதிமொழியை அமெரிக்காவே அப்படிப் பிடித்துத் தொங்கவில்லையே சார்! மெக்சிகோக்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டுச் சொந்த நாட்டுக் குடியுரிமையையும் வைத்திருக்கிறார்கள். மெக்சிகோ 1998-லேயே அனுமதித்துவிட்டது, பிலிப்பைன்ஸ் 2003-ல் இழந்த குடியுரிமையைத் திரும்ப எடுக்கவே தனிச் சட்டம் போட்டது. நாம் விட்டுக்கொடுத்தோம் என்று லேசாகச் சொல்கிறீர்கள். வேலை போனால் 60 நாளில் கிளம்பு என்கிற விசாவில் வருஷக்கணக்காகப் பிள்ளை குட்டிகளோடு பயந்து வாழ்ந்தவர்கள் எடுத்த முடிவு அது. ஊரை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

வடமராட்சியான்:
இந்தியாக்காரர்கள் பேசுவதற்குள் ஒரு ஈழத்தவன் வருவதற்கு மன்னிக்க வேண்டும், ஆனால் இரட்டைக் குடியுரிமை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கதையைக் கேட்கப் பொறுக்கவில்லை. நான் கனடாவில் இருக்கிறேன். எங்கள் நாட்டிலும் வேறு நாட்டுப் பிரஜையானால் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே போய்விடும். 1987 திருத்தத்துக்குப் பிறகு அதை மீள எடுக்கலாம், ஆனால் அதைத் தருவது நாட்டுக்கு நன்மை என்று அமைச்சர் திருப்திப்பட வேண்டும். 2011 இல் அதையும் நிறுத்திவைத்து 2015 இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். எடுத்தாலும் நாடாளுமன்றத்துக்கு நிற்க முடியாது, 2020 இல் அந்தத் தடையை நீக்கி 2022 இல் 21 ஆவது திருத்தத்தில் மறுபடி போட்டார்கள்.

போர்க்காலத்தில் அகதியாக வந்தவன் அந்த விண்ணப்பத்தில் குடும்பத்தின் முழு விபரத்தையும் எழுதிக் கொடுப்பானா? நானும் என் மனைவியும் கனடியக் கடவுச்சீட்டில் இணையத்தில் பயண அனுமதி எடுத்துச் சாதாரண சுற்றுலாப் பயணியாகத்தான் போய்வருகிறோம். கடவுச்சீட்டில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதைப் பார்த்துவிட்டு அதிகாரி நிமிர்ந்து பார்க்கும்போது இன்றைக்கும் நெஞ்சு இடிக்கிறது. உங்களுக்கு வெளிநாட்டவர் என்று பொலிஸில் பதிவு ஏதும் இல்லாமல் ஆயுள் முழுக்கப் போய்வர, எவ்வளவு காலமும் தங்க ஒரு அட்டை இருக்கிறது. அதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

தஞ்சைமண்:
வடமராட்சி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

கும்பகோணத்தான், வேலையைச் சொல்கிறேன். இ-விசாவில் போய் அம்மாவைப் பாருங்கள். திரும்பி வந்ததும் முதலில் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் வாங்குங்கள், அது இல்லாமல் ஓசிஐ விண்ணப்பம் நகராது. பாஸ்போர்ட்டை ரத்து செய்து திருப்பித் தருவார்கள், தூக்கிப் போடாதீர்கள். ஓசிஐ கட்டணம் 275 டாலர். முன்பெல்லாம் பாஸ்போர்ட் மாறினால் பழையதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள், எத்தனை குடும்பம் விமான நிலையத்திலேயே அழுதிருக்கிறது. 2021-ல் அதை எடுத்துவிட்டார்கள், அது நல்ல காரியம். இப்போது 20 வயது வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும், 50 வயது முடிந்த பிறகு ஒரு தடவையும், படத்தையும் பாஸ்போர்ட் நகலையும் தளத்தில் ஏற்றினால் போதும், கட்டணம் இல்லை. 20 வயதுக்கு முன்பே ஓசிஐ எடுத்தவர்கள், 20 வயதுக்குப் பிறகு வாங்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் அட்டையையே மாற்ற வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பழையமதுரை:
வடமராட்சியான், உங்கள் வலியை மதிக்கிறேன். ஆனால் உங்களுக்கு இன்னும் மோசம் என்பதால் எங்களுக்கு நடப்பது நியாயம் ஆகிவிடாது. அந்த 'ஆயுள் முழுக்க' அட்டையின் கதியைப் பாருங்கள். 2019 திருத்தத்தில், அரசு அறிவிக்கிற எந்தச் சட்டத்தை மீறினாலும் ரத்து செய்யலாம் என்று சேர்த்தார்கள். 2021 மார்ச்சில், பத்திரிகை வேலை, ஆய்வு வேலை செய்ய முன் அனுமதி வேண்டும் என்றார்கள். 2025 ஆகஸ்டில், 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் *குற்றப்பத்திரிகை* தாக்கலானாலே ரத்து செய்யலாம் என்று அறிவிப்பு. தீர்ப்புக் கூட வேண்டாம்! நம் ஊரில் பங்காளிச் சண்டையில் கூட மோசடி, கொலை மிரட்டல் என்று எத்தனை பிரிவு சேர்த்து வழக்குப் போடுவார்கள் என்று தஞ்சைமண்ணுக்கே தெரியும். நிலத்தகராறில் பெயரைச் சேர்த்துவிட்டால், கோர்ட்டுக்கு வரவே அந்த மனிதருக்கு வழி இருக்காது.

நெவார்க்வாசி:
அந்தக் குற்றப்பத்திரிகை விதியை நானும் ஏற்கவில்லை. ரத்து செய்வதற்கு முன் விளக்கம் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனாலும் வெளிநாட்டில் இருப்பவருக்கு அது போதுமான காப்பு இல்லை. தீர்ப்பு வந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். பத்திரிகையாளர் அனுமதியும் அப்படித்தான். இதற்கு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். இரட்டைக் குடியுரிமையில் மட்டும் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

ஆனால் "பழைய பாஸ்போர்ட்டிலேயே போய்வந்தவர்கள் நிறைய பேர்" என்று மேலே எழுதினீர்களே, அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். நமக்கு இது வாதம், அந்தத் தம்பி அடுத்த வாரம் விமானம் ஏறப்போகிறார்.