கலைச்சொல் தேவை: மாற்றி மாற்றிப் பழகும்போது வருகிற குழப்பத்துக்கு

மாங்குளம்:
வணக்கம். உடற்கல்வி ஆசிரியர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை கிளிநொச்சியில் அச்சுக்குப் போகிறது. திறன் கற்றல் அத்தியாயத்தில் ஒரு சொல் மட்டும் இழுபடுகிறது: கொன்ரெக்ஸ்சுவல் இன்ரபியரன்ஸ். மொழிபெயர்ப்பில் ‘சூழமைவுக் குறுக்கீடு’ என்று இருக்கிறது. சரவை பார்த்தவர்கள், மைதானத்துக்குள் மாடு வருவதைச் சொல்கிறதாக்கும் என்கிறார்கள்.

பொருள் இதுதான். கரப்பந்தில் மூன்று சேர்விஸ்: அண்டர்ஹாண்ட், ரெனிஸ், புளோட். ஒவ்வொன்றும் பத்து. ஒன்றில் பத்தையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் அன்றைக்குப் பந்து அழகாய் விழும். அதே முப்பதையும் கலைத்துப் போட்டு, அடுத்தது எதுவென்று அடிக்கும் முன் மட்டும் சொன்னால் வலையிலும் வெளியிலும் போகும். ஒரு கிழமை விட்டுச் சோதித்தால் பெரும்பாலும் கலைத்துப் பழகியவர் கைதான் மேல். பணிகள் ஒன்றையொன்று இடைஞ்சல் செய்வதால் வருகிற இந்த விளைவுக்குத்தான் பெயர் வேண்டும்.

முள்ளியவளை:
சொல் நம்மிடமே இருக்கிறது ரீச்சர். மயக்கம். மயங்குதல் என்றால் கலத்தல். நன்னூலின் மெய்ம்மயக்கத்தைப் பாருங்கள். ஒரு மெய் தன்னோடு தானே வந்தால் உடனிலை, வேறொன்றோடு வந்தால் வேற்றுநிலை. ‘எல்லே’ உடனிலை, ‘பந்து’ வேற்றுநிலை. ஒரே சேர்விஸைத் தொடர்ந்து பத்துத் தரம் அடிப்பது உடனிலைப் பயிற்சி, மாற்றி அடிப்பது வேற்றுநிலைப் பயிற்சி. விளைவுக்குப் பெயர் ‘பயிற்சி மயக்கம்’. மெய் என்றால் உடம்பும்தானே. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? ரகரமும் ழகரமும் தம்முன் தாம் வராதவை என்பதையும் கவனிக்க வேண்டும். அதாவது சில திறன்களுக்கு உடனிலைப் பயிற்சியே ஒத்துவராது என்று

மல்லாவி:
ஐயா, ரகர ழகரத்தை வைத்துக்கொண்டு விளையாட்டு விஞ்ஞானம் எழுத முடியாது. பங்குனி வெயிலில் நிற்கிற பிள்ளைக்குப் ‘பயிற்சி மயக்கம்’ என்று எழுதினால் குளுக்கோசும் தண்ணீரும் கொண்டு ஓடி வருவார்கள். பொருளிலும் பிசகு இருக்கிறது. எந்த மெய்யோடு எது மயங்கும் என்பதற்கு விதி உண்டு. இங்கே அடுத்தது எதுவென்று பிள்ளை ஊகிக்கக்கூடாது.

வவுனியா:
பெயர் வைக்கமுதல் எதற்கு வைக்கிறோம் என்பதைப் பார்ப்போம். 1979இல் ஷியா, மோர்கன் என்ற ஆய்வாளர்கள் செய்த பரிசோதனையில் கையில் ஒரு ரெனிஸ் பந்து. சிறு மரத் தடைகளைச் சொன்ன ஒழுங்கில் தட்டி விழுத்த வேண்டும். மூன்று ஒழுங்குகள், ஒவ்வொன்றும் 18 தரம், மொத்தம் 54. பழகும்போது தொகுதியாய்ச் செய்தவர்கள் வேகம். 10 நிமிடத்துக்குப் பிறகும் 10 நாளுக்குப் பிறகும் சோதித்தபோது, கலைத்துச் செய்தவர்கள் முன்னுக்கு. 1994இல் கல்லூரி பேஸ்போல் வீரர்களுக்கு மேலதிகமாக 45 பந்து, மூன்று வகையிலும் பதினைந்து பதினைந்தாக: தொகுதியாய் அடித்தவர்கள் 25 வீதம் முன்னேற, கலைத்து அடித்தவர்கள் 57 வீதம்.

ஏன் என்பதற்கு இரண்டு விளக்கம். பணிகள் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது மனம் அவற்றை ஒப்பிட்டு வேறுபாட்டைப் பதிக்கிறது என்பது ஒன்று. அடுத்த பணிக்குப் போனதும் முன்னைய செயற்றிட்டம், அதாவது அந்த அசைவுக்கு மனம் போட்டு வைத்த திட்டம், மறந்துபோகிறது, திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது, அந்தக் கட்டுதலே கற்றல் என்பது மற்றது. இரண்டிலும் ‘கொன்ரெக்ஸ்ற்’ என்பது சுற்றாடல் அல்ல, கூடவே பழகுகிற மற்றப் பணிகள். அதனால் ‘சூழ’ என்று தொடங்குகிற எதுவும் பிழை. என் முன்மொழிவு: அயலிடறு. அயலில் நிற்கிற பணி தருகிற இடறல்.

ஆசிரியர்கள் பிழைவிடும் இடம் ஒன்றும் உண்டு. புளோட் சேர்விஸையே மூன்று மூலைக்கு மாற்றி மாற்றி அடிக்கவிட்டுவிட்டு இது கலைத்த பயிற்சி என்பார்கள். ஷ்மிட்டின் 1975ஆம் ஆண்டுக் கொள்கைப்படி அங்கே செயற்றிட்டம் ஒன்றுதான், விசையும் திசையும் மட்டுமே மாறுகின்றன. அங்கே இந்த விளைவு உறுதியாய் வரும் என்று சொல்ல முடியாது.

அடம்பன்:
‘அயலிடறு’ முதல் வாசிப்பில் பக்கத்து வீட்டுச் சண்டைபோல் கிடக்கிறது. ‘கலைத்துப் பழகல்’ போதாதா? சீட்டுக் கலைப்பது எல்லோருக்கும் தெரியும்.

மல்லாவி:
இங்கே கலைப்பது என்றால் நாயைக் கலைப்பது. அதோடு அது பழகும் முறையின் பெயர். விளைவின் பெயர் எங்கே?

முள்ளியவளை:
‘ஊடறுப்பு’ என்றாவது

மாங்குளம்:
வேண்டாம் ஐயா. அத்தியாயத் தலைப்பில் ‘இயக்கக் கற்றல்’ என்று இருந்ததையே ‘உடலியக்கக் கற்றல்’ ஆக்கி வைத்திருக்கிறேன். இயக்கம், ஊடறுப்பு இரண்டும் வன்னியில் ஏற்கனவே வேலை செய்து களைத்த சொற்கள்.

அடம்பன்:
அப்படியென்றால் கலவை. தொகுதிப் பயிற்சி, கலவைப் பயிற்சி, விளைவு ‘கலவை இடறல்’. அகராதி தேவையில்லை.

வவுனியா:
கலவை என்றால் ஒழுங்காய்ச் சுழன்று வருவதும் கலவைதான்: அண்டர்ஹாண்ட், ரெனிஸ், புளோட், பிறகும் அதே ஒழுங்கு. அடுத்தது எதுவென்று ஊகிக்க முடியாத எழுமாற்று வேறு, இந்தச் சுழல்முறை வேறு. கையேட்டில் அதைப் பிரித்துச் சொன்னால் சம்மதம். இன்னும் ஒன்று: 9 மீற்றரிலிருந்து வலையைத் தாண்டவே முடியாத பிள்ளைக்கு முதல் நாளே எழுமாற்று வேண்டாம். 6 மீற்றருக்குக் கிட்ட நிறுத்தி, தொகுதியாய் அடித்து ஒரு வடிவம் வரட்டும், பிறகு கலக்கலாம். சோதனையை அன்றைக்கே வைக்கவும் கூடாது. வைத்தால் தொகுதிப் பயிற்சிதான் திறம் என்ற பிழையான முடிவு வரும். ஆனால் ‘அயல்’ என்ற கருத்து விடுபட்டுப்போகிறது என்பதைப் பதிந்து வைக்கிறேன்.

மல்லாவி:
கலவை இடறலுக்கு என் கையும். வேறு வழியில்லாததால்.

மாங்குளம்:
மூன்று பேர் சம்மதம், அதில் ஒருவர் அரைமனம். ‘கலவை இடறல்’ போகிறது. எழுமாற்று, சுழல்முறை இரண்டையும் உட்தலைப்பாகப் பிரித்திருக்கிறேன். 6 மீற்றர் விடயம் பெட்டிச் செய்தி.

முள்ளியவளை:
கலவை என்பது கட்டடம் கட்டுகிறவர்களின் சீமெந்துச் சொல். அடிக்குறிப்பிலாவது ‘பயிற்சி மயக்கம்’ என்று போடுங்கள் ரீச்சர்.

மாங்குளம்:
அந்தப் பக்கத்தின் அடியில் மைதானத்தின் அளவுப்படம் இருக்கிறது ஐயா, 18க்கு 9. ஒரு வரிக்கும் இடமில்லை. அடுத்த அத்தியாயத்தில் ‘ஸ்கீமா’ இருக்கிறது, அதற்கு வாருங்கள்.

முள்ளியவளை:
ஸ்கீமாவுக்குத் தொல்காப்பியத்திலேயே