பனிக்காலத்தில் பீலிங், கெரட்டின்: கல்யாணத்துக்கு முன்னால் செய்யலாமா?

ஊட்டி வள்ளி
மகளுக்குத் தை கடைசியில் கல்யாணம். இப்போது மார்கழி பிறந்து பத்து நாள். ஊட்டியில் எங்கள் காந்தல் பகுதியில் காலையில் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கிறது. அவள் கையும் முகமும் அப்படித்தான் பூத்துப்போயிருக்கின்றன. மூக்கோரம் உரிகிறது, சோப்பு பட்டாலே எரிகிறது என்கிறாள். முடி வறண்டு சீப்போடு பறக்கிறது. நேற்று ஒரு பார்லரில் விசாரித்தோம். பனிக்காலத்துக்கென்றே பேக்கேஜ் இருக்கிறதாம்: கிளைகாலிக் பீலிங் (அமிலம் தடவிச் செத்த தோலை உரிப்பது) மூன்று தடவை, கெரட்டின் (பசை தடவிச் சூடான இரும்பால் முடியைப் படியவைப்பது) ஒரு தடவை, பெடிக்யூர் (பாதப் பராமரிப்பு). வெயில் இல்லாத மாதம்தான் பீலிங்குக்கு நல்லது என்றார்கள். நம்பிச் செய்யலாமா?

குன்னூர் பியூட்டிஷியன்
வள்ளி அக்கா, அவர்கள் சொன்னது தவறில்லை. பீலிங் செய்த தோல் சில வாரங்களுக்கு வெயில் தாங்காது. அதனால்தான் சித்திரை, வைகாசியில் யார் கேட்டாலும் நான் தள்ளிப்போடச் சொல்வேன். பனிக்காலத்தில் செத்த தோல் முகத்தில் அடையாகப் படிந்திருக்கும். அதை எடுக்காமல் மேலே எத்தனை கிரீம் தடவினாலும் ஒட்டாது. 14 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பதமாகச் செய்தால் கல்யாணப் பெண்ணின் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

கோத்தகிரி செல்வி
தயவுசெய்து வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பரில் இதே பேச்சைக் கேட்டுத்தான் ஒரு பார்லரில் உட்கார்ந்தேன். தடவிய ஒரு நிமிடத்தில் கன்னம் தீயாக எரிந்தது. சொன்னேன். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போன் பேசப் போய்விட்டார். மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். குளிர்காற்று அடித்தது, சூடே தெரியவில்லை, குடையும் பிடிக்கவில்லை. ஒரு வாரத்தில் இரண்டு கன்னமும் காப்பிக்கறை மாதிரி கறுத்துவிட்டது. ஏழு மாதம் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டே வேலைக்குப் போனேன்.

மருந்துக்கடை ராஜா
செல்வி சொன்னதில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது: சூடு தெரியவில்லை. சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். காற்று சில்லென்று இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை. நம் மாதிரி மாநிறத் தோலில் எரிச்சலோ புண்ணோ வந்தால் ஆறின இடம் கறுத்துவிடும்.

அடுத்தது, சோப்பு பட்டாலே எரிகிறது என்று வள்ளி அக்கா எழுதியிருக்கிறார். தோலின் மேலடுக்கில் செல்களை ஒட்டவைத்துப் பிடித்திருக்கும் கொழுப்புப் பூச்சு ஒன்று உண்டு. வறண்ட காற்றும் கொதிக்கிற வெந்நீரும் அதைக் கரைத்துவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், வெளியிலிருந்து எதைத் தடவினாலும் உள்ளே சுருக்கென்று இறங்கும். அந்த நிலையில் அமிலம் வைப்பது விரிசல் விட்ட சுவரை மேலும் சுரண்டுவது போலத்தான். முதலில் எரிச்சல் நிற்க வேண்டும். குளித்துத் துடைத்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காயுமுன் செராமைடு (அந்தப் பூச்சில் இருக்கும் கொழுப்பு வகை) கலந்த கிரீமோ சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியோ தடவினாலே போதும். நிற்கவில்லையென்றால் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நெருங்கினால் கடையில் வந்து "சிவப்பாக்கும் ட்யூப்" கேட்கிறார்கள். அதில் பல ஸ்டீராய்டு. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018லேயே அரசு சொல்லிவிட்டது. தோலை மெலிதாக்கி முகத்தில் முடி முளைக்க வைக்கும். எங்கே கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குன்னூர் பியூட்டிஷியன்
சோப்பு எரிகிற வரியை நான் கவனிக்காமல் பதில் எழுதிவிட்டேன். அந்த முகத்தில் நானும் கை வைக்க மாட்டேன். ஆனால் பீலிங்கே தப்பு என்று பேசுவதை ஒத்துக்கொள்ள முடியாது. செல்விக்கு நடந்தது அமிலத்தின் குற்றமா, விட்டுவிட்டுப் போனவரின் குற்றமா? கிளைகாலிக் வைத்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், முகம் சிவந்தால் அந்த நொடியே சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை நிறுத்த வேண்டும். முகப்பரு மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்காமல் கிண்ணத்தையே எடுக்கக் கூடாது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறோம்.

டெல்லித் தமிழ்
நான் பதினோரு வருடமாக டெல்லியில் இருக்கிறேன். இங்கும் ஜனவரி வந்தால் எல்லா பார்லரிலும் பீலிங்தான். ஆனால் இங்கே டிசம்பர் கடைசியில் உச்சிவேளையில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 38 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை, பாதி நாள் மூடுபனி வேறு. நீலகிரியில் அதே நாளில் 55 டிகிரி, அதாவது கதிர் அவ்வளவு நேராக விழும். பனிக்காலம்தான் பீலிங் காலம் என்பது வடக்கே பொருந்துகிற கணக்கு, அதை அப்படியே மலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

குன்னூர் பியூட்டிஷியன்
சூரியன் கணக்கு எனக்குப் புதிது. சன்ஸ்கிரீன் கட்டாயம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறேன், ஆனால் பனியில் யாரும் போடுவதில்லை என்பதும் உண்மை.

ஊட்டி வள்ளி
சரி, பீலிங் வேண்டாம். கெரட்டினாவது செய்யலாமா? முடிதான் அவளுக்குப் பெரிய கவலை.

மருந்துக்கடை ராஜா
அதைத்தான் நான் இன்னும் பலமாக எதிர்ப்பேன். அந்தப் பசையைத் தடவி 200 டிகிரிக்கு மேல் சூடான இரும்பால் இழுக்கும்போது பல தயாரிப்புகளில் ஃபார்மால்டிஹைடு ஆவியாக வரும். அது புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. டப்பாவில் "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று போட்டிருந்தாலும் மெத்திலீன் கிளைகால் என்று இருக்கிறதா பாருங்கள், அதுவும் அதேதான். அதற்குப் பதிலாகக் கிளையாக்சிலிக் அமிலம் கலந்த பசையை வைத்த ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக 2024இல் மருத்துவ இதழில் வந்தது.

குன்னூர் பியூட்டிஷியன்
இதில் நான் ராஜா அண்ணன் பக்கம். குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டுத்தான் இங்கே வேலை செய்கிறோம். போன வருடம் ஒரே நாளில் இரண்டு கெரட்டின் செய்தேன். மாலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை, தொண்டை கரகரவென்று இரண்டு நாள். வாடிக்கையாளர் வருடத்துக்கு ஒரு தடவை அந்தப் புகையில் உட்காருகிறார், நாங்கள் வாரம் முழுக்க. அன்றோடு விட்டுவிட்டேன்.

ஆனால் ஹேர் ஸ்பா வேறு. அதில் புகை கிடையாது. கண்டிஷனரை நன்றாக ஊறவைத்து, வெந்நீர்த் துண்டைச் சுற்றி அலசுவது அவ்வளவுதான். வறண்ட முடி அன்றைக்கே படியும்.

கோத்தகிரி செல்வி
அதற்கு ஏன் பணம்? வாரம் ஒரு நாள் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் ஆகாதா? எங்கள் பாட்டிக்கு எண்பது வயதிலும் இடுப்பு வரை முடி.

குன்னூர் பியூட்டிஷியன்
முடிக்கு ஆகும் செல்வி, மறுக்கவில்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கிப் புரதம் கழுவிப்போகாமல் காக்கும். ஆனால் தலையில் மஞ்சளாக, பிசுபிசுப்பாகச் செதில் வந்தால் அது பொடுகு. பொடுகில் இருக்கும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. வறட்சி என்று நினைத்து ஊற்ற ஊற்ற அதிகமாகும். அதற்குப் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு வேண்டும். பார்த்துச் சொல்லத்தான் எங்களிடம் வருகிறார்கள்.

பெடிக்யூரையும் விட்டுவிடாதீர்கள். பித்தவெடிப்பில் ரத்தம் கசிய நடந்து வருகிற எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். பிளேடால் சீவாமல், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கல்லால் தேய்த்து, யூரியா கிரீம் தடவிச் சாக்ஸ் போட்டால் மெல்ல மூடிவிடும்.

ஊட்டி வள்ளி
பேக்கேஜை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பணம் கட்டவில்லை, நல்லவேளை. நான்கு நாளாக வெந்நீரைக் குறைத்து, கிரீம் மட்டும் தடவுகிறாள். மூக்கோரம் எரிச்சல் அடங்கியிருக்கிறது. பொங்கல் கழித்துப் பெடிக்யூருக்கும் ஹேர் ஸ்பாவுக்கும் குன்னூர் வருகிறோம். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடக்கிறது, வெயில் படுகிற திண்ணையில் வைத்திருக்கிறேன். செல்வி, உன் கன்னம் இப்போது எப்படி இருக்கிறது?

கோத்தகிரி செல்வி
பரவாயில்லை அக்கா. கன்னம் தெளிந்துவிட்டது. தாடையோரம் ஒரு ரூபாய்க் காசு அளவு மட்டும் இன்னும் இருக்கிறது.