பீட் நிலத்தில் முதல் களப்பயிற்சி: இரண்டு வாரத்தில் எதைக் கற்றுக்கொண்டு வருவது?

மாடல்மாணவி:
முனைவர் பட்டத்தில் முதல் ஆண்டு. பீட் நிலங்களின், அதாவது முழுதும் மட்காத செடிகள் அடுக்கடுக்காகக் குவிந்து உருவான சதுப்பு நிலங்களின், கார்பன் சுழற்சியைக் கணினி மாடலில் ஓட்டுவதுதான் இதுவரை என் வேலை. அடுத்த மாதம் இரண்டு வாரக் களப்பயிற்சிக்குப் போகிறேன், சேம்பர் (தரைமேல் கவிழ்க்கும் மூடிய பெட்டி) வைத்து வாயு அளப்பது, கோர் (ஆழத்திலிருந்து வெட்டியெடுக்கும் மண் துண்டு) எடுப்பது, நீர்மட்டம் பார்ப்பது எல்லாம் அட்டவணையில் இருக்கிறது. உலக நிலப்பரப்பில் 3 சதவீதம்தான், ஆனால் மண்ணிலுள்ள கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது என்று நானே பலமுறை எழுதியிருக்கிறேன், அந்த மண்ணைக் கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. இது ரொம்ப நாளாக உறுத்துகிறது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்ப்பதா, ஒன்றில் மட்டும் இறங்குவதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சேம்பர்காரர்:
சேம்பரில் இறங்குங்கள் என்பேன். என் முதல் பயிற்சியில் மீத்தேன் அளவு திடீரென்று மேலே போனது, குழுவே சந்தோஷப்பட்டது. சேம்பரை உட்காரவைக்க மண்ணில் பதித்திருக்கும் வளையத்துக்குப் பக்கத்தில் நான் முழங்கால் ஊன்றிய நேரமும் அதுவும் ஒன்று என்று மாலையில்தான் புரிந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே பீட்டுக்குள் வாயு குமிழ்களாகத் தங்கியிருக்கும், பாரம் ஏறினால் வெளியே வந்துவிடும். அதனால்தான் பலகை போட்டு அதன்மேல் நின்று அளக்கச் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், யாரும் மிதிக்காமலே, காற்றழுத்தம் குறையும் நாட்களில் தானாகவும் குமிழ் வரும். வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் துள்ளும். எது நிலம் விட்டது, எது நம் கால் விட்டது என்று பிரிக்க நோட்டுப் புத்தகத்தை விட்டால் வேறு வழியில்லை, எத்தனை மணிக்கு யார் எங்கே நின்றார் என்பது வரை எழுதுங்கள்.

அப்புறம், ஒளி புகும் சேம்பரில் ஒருமுறை, அதையே கறுப்புத் துணியால் மூடி ஒருமுறை கார்பன் டை ஆக்சைடு அளந்து பாருங்கள். முதலாவது நிகரப் பரிமாற்றம், இரண்டாவது சுவாசம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒளிச்சேர்க்கை. மாடலில் மூன்று தனி வரிகளாக எழுதுவது கண்முன்னே பிரிந்து நிற்கும்.

கோர்பிரியன்:
எனக்குக் கோர்தான். ரஷ்யன் கோரர் என்பது அரை உருளை வடிவக் கருவி, மூடியபடி ஆழத்துக்கு இறக்கி, அங்கே திருப்பினால் பீட்டை அமுக்காமல் வெட்டி எடுக்கும், பெரும்பாலும் ஒரு தடவைக்கு 50 செ.மீ. பீட் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில், பல இடங்களில் அதற்கும் குறைவாகத்தான் சேர்கிறது, அப்படியென்றால் கையில் இருக்கும் அந்தத் துண்டு 500 ஆண்டு அல்லது அதற்கும் மேல். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். தெளிந்த நீர் மட்டும் வந்தால் எச்1, முழுவதும் விரலிடுக்கில் வழிந்துவிட்டால் எச்10. வான் போஸ்ட் அளவுகோல் என்பார்கள், மட்கிய அளவைச் சொல்ல இன்றும் களத்தில் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

கன அளவில் மட்டும் கவனம். ஒரு கன மீட்டர் பீட்டைக் காயவைத்தால் ஏறக்குறைய 100 கிலோதான் மிஞ்சும், அதில் பாதி கார்பன். மாதிரி எடுக்கும்போது நசுங்கினால் அடர்த்தி தப்பாக வரும், அதை வைத்துப் போடும் கார்பன் இருப்புக் கணக்கு மொத்தமும் தப்பு. 105 டிகிரியில் உலர்த்துவது, 550 டிகிரியில் எரிப்பது எல்லாம் பிறகு ஆய்வகத்தில் பொறுமையாகச் செய்யலாம், நசுங்கினதைச் சரிசெய்ய முடியாது.

பாசிமேடு:
நானும் மாடல் பக்கத்திலிருந்து போனவள், அதனால் கொஞ்சம் மாறுபடுகிறேன். கருவிகளை மற்றவர்களும் சொல்லித்தருவார்கள். நீங்கள் ஒரு முழு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து தரையைப் பாருங்கள். ஒரு ஸ்பாக்னம் பாசி மேடு, அதை ஒட்டியே ஒரு பள்ளம். மேட்டில் நீர்மட்டம் ஒரு சாண் கீழே, பள்ளத்தில் காலடியிலேயே. மேட்டின் அடியில் உருவாகும் மீத்தேனில் பெரும்பங்கை மேலே காற்று புகும் அடுக்கில் இருக்கும் பாக்டீரியாக்கள் தின்றுவிடும், பள்ளத்தில் அந்த அடுக்கே கிடையாது. அதுவும் கோரை இனச் செடிகள் நின்றால், தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல் வழியாக மீத்தேன் அந்த அடுக்கைத் தொடாமலே வெளியேறும். ஓரிரண்டு அடிக்குள் இவ்வளவு மாறுகிறது, நம் மாடலில் பல கிலோமீட்டருக்கு ஒரே எண்! அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடத்திய ஸ்ப்ரூஸ் என்ற கள ஆய்வில் சதுப்பை 9 டிகிரி வரை சூடாக்கிப் பார்த்தபோது ஸ்பாக்னம் குறைந்துபோனது, நிலம் கார்பனை இழந்தது. பாசி காய்ந்தால் என்ன ஆகும் என்பது தரையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சதுப்பில் தனியாகப் போகாதீர்கள், கோல் ஊன்றிப் பார்த்துவிட்டு அடியெடுத்து வையுங்கள்.

மாடல்மாணவி:
மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், வளையங்களை நாங்கள் போகும் அன்றேதான் பதிப்பார்கள் போலிருக்கிறது. அன்றைய அளவுகள் வீணா?

சேம்பர்காரர்:
ஆய்வுக்கு உதவாது, வேர்கள் அறுபட்டிருக்கும். பல் வைத்த ரொட்டிக் கத்தியால் முதலில் சுற்றி அறுத்துவிட்டு வளையத்தை இறக்கினால் சேதம் குறையும். அதே வளையத்தில் இரண்டு வாரமும் தினமும் அளந்து வாருங்கள், கடைசி நாள் வரைபடத்தில் முதல் சில நாட்கள் மட்டும் தனியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே போடுங்கள்.