புதுப்பிப்பு: டைவ்மாஸ்டர் பயிற்சியில் தோற்றுவிடுவேனோ என்று கேட்டிருந்தேனே

போன வாரம் கேட்டதன் தொடர்ச்சி. டைவ்மாஸ்டர் என்றால் கடலுக்கடியில் முக்குளிப்பவர்களுக்கு வழிகாட்டுபவர். 400 மீட்டர் நீச்சலும் 15 நிமிட மிதப்பும் முடிந்தன. எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்தில் கிணற்றில் பழகிய உடம்பு கைகொடுத்தது. சிக்கியது உபகரண மாற்றத்தில்தான். நீருக்கடியில் இருவர் ஒரே ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மாறிமாறி மூச்சுவிட்டபடி மாஸ்க், துடுப்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மாஸ்க்கைக் கழற்றியதும் மூக்கில் தண்ணீர் ஏறி, பாதியிலேயே மேலே வந்துவிட்டேன்.

இப்போது ஊரில் இருக்கிறேன். அப்புச்சி (அம்மாவின் அப்பா) கிணற்றுப் படியில் துணைக்கு உட்கார, முகத்தை நீரில் அமிழ்த்தி, மாஸ்க் இல்லாமல் ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக்குழாயில் மூச்சுவிட்டுப் பழகுகிறேன். நேற்று 3 நிமிடம் தாங்கினேன்.

"சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகறப்பவும் இப்படித்தான் பயந்தே, கண்ணு" என்றார். அந்தப் பயம் எப்போது போனதென்று எனக்கு நினைவேயில்லை.

சனிக்கிழமை புதுச்சேரியில் மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால், சரி, மூன்றாவது வாய்ப்பும் கேட்பேன்.