ஆலடி வளவு குடும்பக் குழு

சின்னமாமி: உப்புவெளி ஆலமரத்தை நாளைக்கு வெட்டப் போகிறார்களாம். மீன் வாங்கப் போன இடத்தில் கேட்டேன். உண்மையா?

டொரன்டோ அண்ணா: என்ன கதை இது

ரூபன்: வெட்டவில்லை மாமி. கொப்பு மட்டும்தான் தறிக்கிறோம்.

மாலா அக்கா: கொப்புக்கு எதற்கு லொறி சொன்னாய்?

ரூபன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

மாலா அக்கா: வாசித்துவிட்டேன்

ரூபன்: அக்கா, வேர் மலக்குழிக்குள் போய்விட்டது. காருக்கு மேலே முழுக்க வௌவால் எச்சம். அந்த மூலையில் இரண்டு அறை கட்டினால் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடலாம்.

டொரன்டோ அண்ணா: அப்படி வா வழிக்கு

பெரியப்பா: பிள்ளைகளே, பொறுமையாக வாசியுங்கள். ஆலம்பழத்துக்குள்தான் அதன் பூ இருக்கிறது. உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்க எள்ளளவு குளவி ஒன்று உண்டு. ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறொரு குளவி. ஊரில் எல்லா ஆலும் ஒரே மாதத்தில் காய்த்து ஓய்ந்தால் குளவி அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு நேரத்தில் காய்க்கும். மற்ற மரங்களில் ஒன்றுமே இல்லாத காலத்திலும் குயிலும் குக்குறுவானும் வௌவாலும் பசியாறுவது இப்படித்தான். ரூபன் திட்டுகிற அந்த எச்சத்தில்தான் விதை ஊரெல்லாம் போகிறது. நம் மரமும் அப்பாச்சியின் பனைவட்டில் விழுந்த எச்சத்தில் முளைத்ததுதான். 1964 மார்கழிப் புயலில் வீட்டுக் கூரை போனது, இந்த ஆல் நின்றது. திருகோணமலைக் கோணேசர் கோயில் தல விருட்சமே கல்லால மரம் என்பதையும் யோசியுங்கள்.

ரூபன்: தேநீர் குடித்துவிட்டு வாசிக்கிறேன் பெரியப்பா

சின்னமாமி: பாரை என்ன விலை தெரியுமா? சூரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலா அக்கா: பெரியப்பா, தடுக்கச் சட்டம் ஒன்றும் இல்லையா?

பெரியப்பா: 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பலா, ஈரப்பலா, பெண்பனை. இவற்றை அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. ஆல் அதில் இல்லை.

ரூபன்: பார்த்தீர்களா

டொரன்டோ அண்ணா: ஆலுக்கு நடுவில் பனை நிற்கிறதே?

ரூபன்: அது பட்ட பனை

மாலா அக்கா: பொய். போன கிழமையும் பார்த்தேன். ஆல் இறுக்கிப் பிடித்திருக்கிறது, உச்சியில் நாலு பச்சை ஓலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

டொரன்டோ அண்ணா: ஆணா பெண்ணா?

ரூபன்: ஆண்

டொரன்டோ அண்ணா: அப்போ நாங்கள் தின்ற நுங்கு?

ரூபன்: அது பக்கத்து வளவுப் பனை அண்ணா. நீங்கள் களவெடுத்துவிட்டு என்னை மாட்டிவிட்டீர்கள். அடி வாங்கியது நான்.

சின்னமாமி: அப்பாச்சி பினாட்டுப் போட்டது நம் பனம்பழத்தில்தான். பாய் விரித்துக் காகம் துரத்தியது நான்.

பெரியப்பா: அப்படியென்றால் பெண்பனை. கிராம சேவகர் ஜீஎஸ்ஸிடம் கேட்காமல் வாள் வைக்கக் கூடாது.

ரூபன்: லொறிக்கு முற்பணம் கொடுத்தாச்சு. உங்களில் யார் திருப்பித் தருவது?

ரூபன்: ஒருவரும் இல்லை. தெரியும்.

டொரன்டோ அண்ணா: இங்கே இரவு இரண்டு மணி, நாளைக்குக் கதைப்போம்

ரூபன்: சரி, லொறியைப் பத்து மணிக்குப் பிறகு வரச் சொல்கிறேன். அதற்குள் ஜீஎஸ்ஸைப் பிடியுங்கள்.

மாலா அக்கா: எட்டு மணிக்கு நான் அங்கே நிற்பேன்

சின்னமாமி: மாலா, வரும்போது என் புட்டுப் பானையையும் கொண்டு வா. கல்யாணத்துக்கு எடுத்துப் போனது.

மாலா அக்கா: எந்தக் கல்யாணம் மாமி?

சின்னமாமி: உன்னுடையது