என் தளத்து விளம்பரத்தை நானே தவறுதலாக அழுத்திவிடுகிறேன்: தடுக்க வழி உண்டா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான கணிதப் பயிற்சிகளை வெளியிடும் ஒரு சிறிய தளத்தை வேர்ட்பிரஸில் நடத்தி வருகிறேன். தளங்களில் விளம்பரம் காட்டி உரிமையாளருக்கு வருவாய் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் திட்டத்தில் அனுமதி கிடைத்து மூன்று மாதங்கள் ஆகின்றன. கடந்த வாரத்தில் மட்டும் இரண்டு முறை என் தளத்து விளம்பரத்தை நானே அழுத்திவிட்டேன். இரண்டுமே அறியாமல் நேர்ந்தவை. முதல் முறை, கணினியில் ஒரு பத்தியைப் படியெடுப்பதற்காக மவுஸை இழுத்து வந்தபோது, பத்திக்கு அடியில் இருந்த விளம்பரத்தின் மேல் அழுத்தம் விழுந்து புதிய பக்கம் திறந்துகொண்டது. இரண்டாவது முறை கைப்பேசியில் நேர்ந்தது. ஒவ்வொரு கணக்கின் கீழும் 'விடையைக் காண்க' என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தக் கட்டைவிரலைக் கொண்டுபோன அதே நொடியில் பக்கம் கீழே நகர்ந்தது; பொத்தான் இருந்த இடத்தில் விளம்பரம் வந்து நின்றது; விரலை நிறுத்த நேரம் இருக்கவில்லை.

இரண்டு முறையும் திறந்த பக்கத்தை உடனே மூடிவிட்டேன். ஆனாலும் கணக்கை முடக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில், எழுத்துப்பிழை திருத்துவதற்குக்கூட என் பக்கங்களைத் திறக்கத் தயங்குகிறேன்.

இதுவரை செய்து பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். தீமின் கூடுதல் சிஎஸ்எஸ் பகுதியில் (பக்கத்தின் தோற்ற விதிகளை எழுதும் இடம்), நான் உள்நுழைந்திருக்கும்போது விளம்பரப் பெட்டிகள் மறையும்படி 'டிஸ்பிளே நன்' என்று எழுதி வைத்தேன். கணினியில் விளம்பரங்கள் மறைந்தன. கைப்பேசியில் நான் உள்நுழைவதில்லை என்பதால் அங்கே அது உதவவில்லை. என் இணைப்பின் ஐபி முகவரியைத் தடுப்பதற்கு ஆட்சென்ஸ் அமைப்புகளில் இடம் தேடினேன், கிடைக்கவில்லை. நேர்ந்த இரண்டு கிளிக்குகளையும் கூகுளுக்குத் தெரிவிக்க வேண்டுமா, நான் எழுதிய சிஎஸ்எஸ் முறையானதுதானா, கைப்பேசிக்கு என்ன செய்வது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

ஐயா, முதலில் அச்சத்தை விடுங்கள். தளத்தின் உரிமையாளர் எந்தக் காரணத்துக்காகவும் தன் விளம்பரத்தைத் தானே கிளிக் செய்யக் கூடாது என்பது ஆட்சென்ஸின் உறுதியான விதி. 'சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தேன்' என்ற காரணமும் அதில் ஏற்கப்படாது. ஆனால் எப்போதாவது கை தவறிப் படுவது நடக்கக்கூடியது என்பதை அவர்களே உதவிப் பக்கத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நேரும் ஒவ்வொரு முறையும் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அத்தகைய கிளிக்குகளைக் கண்டறிந்து கழித்துவிடுவதற்குத் தனி அமைப்பு உண்டு. நீங்கள் அன்றாடம் பார்க்கும் தொகை 'மதிப்பிடப்பட்ட வருவாய்' என்று அழைக்கப்படுவதும், மாத முடிவில் இறுதியாகும் தொகை அதிலிருந்து மாறுபடுவதும் பெரும்பாலும் இந்தக் கழிவினால்தான்.

கணக்குக்குக் கேடு விளைவிப்பது, திரும்பத் திரும்ப ஒரே வகையில் நேர்வதும், வீட்டிலுள்ளவர்களும் நண்பர்களும் 'உதவி' என்று நினைத்து அழுத்துவதும்தான். ஆகவே உங்கள் வீட்டாரிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பதில் 2

முந்தைய பதிலுடன் உடன்படுகிறேன். நான் தடுப்பு முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்; சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய சிஎஸ்எஸ் வரியை இன்றே நீக்கிவிடுங்கள். விளம்பரப் பெட்டியை 'டிஸ்பிளே நன்' கொண்டு மறைப்பது ஆட்சென்ஸ் அனுமதிக்காத செயல்; திரையின் அளவுக்கேற்ப மாறும் ரெஸ்பான்சிவ் விளம்பரங்களை அமைக்கும்போது மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. நீங்கள் நல்லெண்ணத்துடன்தான் செய்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே விளம்பரம் வராமல் இருப்பதில்லை. நிரல் இயங்கி விளம்பரம் கோரப்படுகிறது, கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை. மறைக்கப்பட்ட விளம்பரம் என்பது விளம்பரதாரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமற்ற ஒன்று.

சரியான வழி, நீங்கள் பார்க்கும் பக்கத்தில் விளம்பர நிரலே எழுதப்படாமல் இருப்பது. கவனமாக இருப்பேன் என்று விரலை நம்புவதைவிட, விளம்பரமே உங்கள் திரைக்கு வராதபடி செய்வதுதான் நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து. வேர்ட்பிரஸில் 'இஸ் யூசர் லாக்டு இன்' என்ற செயற்கூறு இருக்கிறது. பக்கம் சர்வரில் உருவாகும்போதே, பார்ப்பவர் உள்நுழைந்தவரா என்று அது கேட்டுச் சொல்லும். 'உள்நுழையாதவராக இருந்தால் மட்டும் விளம்பர நிரலை அச்சிடு' என்ற நிபந்தனையை அதைக் கொண்டு எழுதலாம். நிரல் எழுதும் பழக்கம் இல்லாவிட்டால், கூகுளின் சைட் கிட் பிளகினில் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்) ஆட்சென்ஸ் அமைப்புகளுக்குள், உள்நுழைந்த பயனர்களுக்கு விளம்பரம் காட்டாதே என்ற தேர்வு இருக்கிறது. ஆட் இன்சர்ட்டர் போன்ற பிளகின்களிலும் ஒவ்வொரு விளம்பரத் தொகுதிக்கும் இதைக் குறிக்க இயலும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பத்திகளுக்கிடையே நீங்கள் வைத்த விளம்பரங்கள் வேறு. பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே வரியாக இருந்துகொண்டு தானாகவே இடம் தேடி நுழையும் ஆட்டோ விளம்பரங்கள் வேறு. திரையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்பதும், ஒரு பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது முழுத் திரையையும் மூடுவதும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. கை தவறுவதற்கு அதிக வாய்ப்பும் இவற்றில்தான். நிபந்தனையைத் தலைப்பகுதி நிரலுக்கும் சேர்த்து எழுதினால்தான் வேலை முடியும்.

ஐபி முகவரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விளம்பரம் கொடுப்பவர்களுக்குக் கூகுள் ஆட்ஸில் ஐபி விலக்கு உண்டு. தளம் நடத்துபவர்களுக்கு ஆட்சென்ஸில் அப்படி ஒன்று இல்லை. வருகைகளை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில் உள்ளகப் போக்குவரத்தை, அதாவது உங்கள் சொந்த வருகைகளை, வடிகட்டும் வசதி வருகைக் கணக்கை மட்டுமே தொடும், விளம்பரத்தைத் தொடாது.

கைப்பேசியிலும் உள்நுழைந்தே தளத்தைப் பாருங்கள். அது விருப்பமில்லையென்றால், ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸை நிறுவி அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, அந்த உலாவியை உங்கள் தளத்தைத் திறப்பதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். ஆண்ட்ராய்டில் உள்ள குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஏற்பதில்லை என்பதால் அங்கே இது நடக்காது. ஐபோனில் சஃபாரிக்கு உள்ளடக்கத் தடுப்பான்கள் கிடைக்கின்றன. கணினியில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தி விளம்பர சர்வர்களை எங்கும் கொண்டுபோகாத 0.0.0.0 என்ற முகவரிக்குத் திருப்பிவிடும் பழைய முறையும் உண்டு. ஆனால் எல்லாத் தளங்களின் விளம்பரங்களும் அதனால் நின்றுவிடும். ஒரு முகவரியின் கீழுள்ள கிளை முகவரிகள் அனைத்தையும் ஒரே வரியில் அடக்கவும் அந்தக் கோப்பில் வழியில்லை. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. சிஎஸ்எஸ் வரியை நீக்கிவிட்டு, தலைப்பகுதி நிரல் உட்பட அனைத்துக்கும் நிபந்தனை எழுதினேன். கணினியில் எந்த விளம்பரமும் வரவில்லை. நிம்மதியாக இரண்டு பாடங்களைத் திருத்தினேன். ஆனால் மாலையில் ஆட்சென்ஸ் அறிக்கையைத் திறந்தபோது, வழக்கமாகப் பதிவாகும் விளம்பரக் காட்சிகளில் மிகச் சிறு பகுதியே பதிவாகியிருந்தது. தளத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையில் குறைவில்லை. உள்நுழையாத வேறொரு உலாவியில் திறந்து பார்த்தேன். அதிலும் சில பக்கங்களில் விளம்பரம் இல்லை, சில பக்கங்களில் இருக்கிறது. நிபந்தனையைத் தலைகீழாக எழுதிவிட்டேனோ என்று மீண்டும் மீண்டும் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

பதில் 2

நிபந்தனையில் தவறில்லை; பக்கங்களைச் சேமித்து வைத்து விரைவாகக் கொடுக்கும் கேஷ் பிளகின்தான் காரணமாக இருக்க வேண்டும். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும். நீங்கள் உள்நுழைந்து திறந்த பக்கத்தைக் கேஷ் அப்படியே சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்து வருபவர்களுக்கும் அந்த விளம்பரமற்ற படியையே கொடுக்கிறது. விளம்பரம் இல்லாத பக்கங்கள் எவை என்று பாருங்கள். இன்று நீங்கள் திருத்தியவையும் திறந்தவையுமாகத்தான் இருக்கும். கேஷ் அமைப்புகளில் 'உள்நுழைந்த பயனர்களுக்குக் கேஷ் செய்யாதே' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கிவிட்டு, சேமித்து வைத்திருக்கும் அனைத்தையும் ஒருமுறை அழித்துவிடுங்கள். தளத்துக்கு முன்னால் சிடிஎன் (பக்கங்களின் படிகளைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சேவை) ஏதேனும் இருந்தால் அங்கேயும் அழிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பார்வையாளருக்கான படி உங்களுக்கு வந்தால், விளம்பரம் இல்லை என்ற நம்பிக்கையில் கவனமின்றி அழுத்திவிடுவீர்கள். அமைப்பை மாற்றிய பிறகு, உள்நுழைந்த நிலையில் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, 'ஆட்ஸ்பைகூகுள்' என்ற சொல்லை அதன் ஆங்கில எழுத்துகளில் தேடிப் பாருங்கள். அது எங்கும் அகப்படவில்லையென்றால் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

பதில் 3

இழை முழுவதையும் படித்தேன். உங்கள் கேள்வியில் மிக முக்கியமான செய்தி, கைப்பேசியில் நேர்ந்த அந்த இரண்டாவது நிகழ்ச்சிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கம் நகர்ந்து, பொத்தான் இருந்த இடத்தில் விளம்பரம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தளத்தை நன்கு அறிந்த உங்களுக்கே அது நேர்ந்தது என்றால், விடையைப் பார்க்கும் ஆவலில் பொத்தானை நோக்கி விரலை நீட்டும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அது நேர்ந்துகொண்டிருக்கும்! உங்கள் திரையில் விளம்பரத்தை நிறுத்திவிட்டதால் உங்கள் சிக்கல் தீர்ந்தது, அவர்களுடையது தீரவில்லை. பார்வையாளர்கள் தவறுதலாக அழுத்தும்படி விளம்பரத்தை வைப்பதும் ஆட்சென்ஸ் விதிகளுக்கு முரணானது. பொத்தான், மெனு, பதிவிறக்க இணைப்பு ஆகியவற்றை ஒட்டி விளம்பரம் இருக்கும் இடங்களில், அழுத்தியவுடன் விளம்பரதாரரின் பக்கத்துக்குப் போகாமல் 'தளத்துக்குச் செல்லவா' என்று இரண்டாவது முறை உறுதி கேட்கும்படி கூகுளே மாற்றிவிடுவதும் உண்டு.

காரணம் எளியது. உலாவி எழுத்துகளையும் பொத்தானையும் முதலில் வரைந்துவிடுகிறது. விளம்பரம் சற்றுத் தாமதமாக வந்து சேர்கிறது. அதற்கென்று இடம் ஒதுக்கப்படாததால், வந்தவுடன் தன் உயரத்துக்குக் கீழே உள்ள அனைத்தையும் தள்ளிவிடுகிறது. உங்கள் விரல் புறப்பட்டபோது பொத்தான் ஓரிடத்தில் இருந்தது; விரல் சேர்ந்தபோது வேறிடத்தில் இருந்தது.

விளம்பரத்தைச் சுற்றியுள்ள பெட்டிக்கு, அங்கே வழக்கமாக வரும் விளம்பரத்தின் உயரத்தைக் குறைந்தபட்ச உயரமாகச் சிஎஸ்எஸ்ஸில் கொடுங்கள். 300க்கு 250 அளவுள்ள விளம்பரம் வரும் இடமென்றால் 250 பிக்சல். விளம்பரம் வரும்வரை அந்த இடம் வெறுமையாக இருக்கும். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. இது விளம்பரத்தை மறைப்பது அன்று, இடம் பிடித்து வைப்பது. எனவே முன்பு சொன்ன தடை இதற்குப் பொருந்தாது. பிறகு, 'விடையைக் காண்க' பொத்தானுக்கு நேர் மேலே விளம்பரம் வைப்பதையே கைவிடுங்கள். விடைக்கும் விளக்கத்துக்கும் கீழே, அடுத்த கணக்கு தொடங்கும் முன் இருக்கும் இடைவெளியில் வைக்கலாம்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, கூகுளின் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். சிஎல்எஸ் என்ற அளவு, பக்கம் எவ்வளவு குலுங்குகிறது என்பதைக் காட்டும். 0.1 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் நல்லது, 0.25க்கு மேல் போனால் மோசம்.

பதில் 4

இடத்தை மாற்றிச் சோதிக்கும் வேளையில் விளம்பரம் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் அல்லவா? அப்போது விளம்பர நிரலில் 'டேட்டா ஆட்டெஸ்ட்' என்ற பண்பை 'ஆன்' என்று வையுங்கள். அந்நிலையில் வரும் காட்சிகளும் கிளிக்குகளும் கணக்கில் சேராது. சோதனை முடிந்ததும் மறவாமல் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உண்மையான பார்வையாளர்களின் வருகையும் கணக்கில் சேராமல் போய்விடும். செயலி உருவாக்குபவர்கள் யாரேனும் இதைப் படித்தால், செயலிகளுக்கான கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்மாபில் இதற்கென்றே சோதனை விளம்பர அலகுகள் இருக்கின்றன; உருவாக்கும் காலம் முழுவதும் அவற்றையே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நீங்கள் கூறியபடியே கேஷ் அமைப்பை மாற்றி, சேமித்தவற்றை அழித்தேன். மறுநாள் விளம்பரக் காட்சிகள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. உள்நுழைந்த நிலையில் மூல நிரலில் தேடினேன். நீங்கள் சொன்ன சொல் அகப்படவில்லை.

பதில் 3 எழுதியவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். என் கணக்கைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டேன், மாணவர்களை நினைக்கவில்லை. பயிற்சிப் பக்கங்களில் சிஎல்எஸ் அளவு 0.31 என்று காட்டியது. பெட்டிகளுக்குக் குறைந்தபட்ச உயரம் கொடுத்து, விளம்பரத்தை விளக்கத்துக்குக் கீழே கொண்டுபோன பிறகு 0.04 ஆகக் குறைந்தது. பழைய கைப்பேசி ஒன்றில் வேகம் குறைந்த இணைப்புடன் திறந்து பார்த்தேன். விளம்பரம் மெதுவாக வந்து சேர்ந்தது, பொத்தான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. மாணவர்களுக்குப் பொருந்தாத விளம்பரம் ஏதேனும் கண்ணில் பட்டால், அது எங்கே கொண்டுபோகிறது என்பதை அழுத்தாமல் அறிவது எப்படி?

பதில் 1

ஆட்சென்ஸில் விளம்பரங்களைத் தடுப்பதற்கான பகுதிக்குள் விளம்பர மறுஆய்வு மையம் இருக்கிறது. உங்கள் தளத்தில் வெளிவந்த விளம்பரங்களை அங்கே படங்களாகப் பார்க்கலாம். வேண்டாதவற்றை அங்கிருந்தே தடுக்கலாம். விளம்பரதாரரின் முகவரியைத் தடுப்பதற்கும், சில பொருள் வகைகளை முழுவதுமாக விலக்குவதற்கும் அதே பகுதியில் இடம் உண்டு. மாணவர்கள் வரும் தளம் என்பதால் வகைகளை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள். விளம்பரத்திலேயே நிறுவனத்தின் முகவரி தெரிந்தால், அதை உலாவியின் முகவரிப் பட்டையில் நீங்களே தட்டச்சு செய்து போய்ப் பார்க்கலாம்; அதில் விதிமீறல் எதுவும் இல்லை.