பேஸ்மேக்கரின் லித்தியம் மின்கலம் குடினஃப் ஆய்வின் பயனா?

வினா (முதுகலை இயற்பியல் மாணவி):
வணக்கம். லித்தியம் அயனி மின்கல ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ஜான் குடினஃப் அவர்களின் ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றித் துறைக் கருத்தரங்கில் பேசவிருக்கிறேன். காந்தவியலில் பெயர் பெற்றவர் மின்கலத்துக்கு வந்தது துறை மாற்றமா, அல்லது இரண்டுக்கும் உள்ளூரத் தொடர்பு உண்டா? மேலும், என் தந்தைக்குப் பொருத்திய பேஸ்மேக்கரில் இருப்பது லித்தியம் மின்கலம் என்று மருத்துவர் சொன்னதால், அதையும் அவருடைய ஆய்வின் மருத்துவப் பயனாகக் குறித்திருக்கிறேன். சரிதானா?

மறுமொழி 1 (பொருளறிவியல் ஆசிரியர்):
அவர் துறை மாறவில்லை என்பதே என் கருத்து. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லிங்கன் ஆய்வகத்தில், கணினி நினைவகத்துக்கான காந்த ஆக்சைடுகளை ஆராய்ந்த நாள்களிலேயே, ஆக்சைடில் உள்ள உலோகத்தின் எலக்ட்ரான் எந்த ஆற்றல் மட்டத்தில் இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. மின்கலத்தின் வோல்ட்டைத் தீர்மானிப்பதும் அதே மட்டம்தான். மின்முனையில் உலோகமும் கந்தகமும் சேர்ந்த சல்ஃபைடு இருந்தால், கந்தகத்தின் எலக்ட்ரான் பட்டை (ஆற்றல் மட்டங்களின் தொகுதி) உயரத்தில் இருப்பதால் மின்னழுத்தம் ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்குமேல் ஏறாது. ஆக்சிஜனின் பட்டை அதைவிடத் தாழ்ந்தது. அதனால்தான் 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் ஆராய்ந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடு 4 வோல்ட் தந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம் குடினஃபுடன் செய்த ஆய்வையும் தவறாமல் சேருங்கள். இரும்பு ஆக்சைடில் 2.5 வோல்ட்டுக்கும் குறைவாக இருந்த மின்னழுத்தம் இரும்பு சல்ஃபேட்டில் 3.6 ஆனது, கந்தகம் ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுப்பதால் இரும்பு–ஆக்சிஜன் பிணைப்பு தளர்வதே காரணம். 2019இல், 97 வயதான குடினஃபுக்காக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம் அவர்களே.

மறுமொழி 2 (மருத்துவக் கருவிப் பொறியாளர்):
மருத்துவம் பற்றிய குறிப்பை நீக்கிவிடுங்கள். பேஸ்மேக்கரில் லித்தியம்–அயோடின் மின்கலம் 1972லேயே மனித உடலுக்குள் பொருத்தப்பட்டுவிட்டது. குடினஃபின் ஆக்ஸ்ஃபோர்டு கட்டுரை வந்தது அதற்கு 8 ஆண்டுகளுக்குப் பின். பேஸ்மேக்கரின் அந்த மின்கலம் மறுபடி மின்னேற்றக்கூடிய வகையும் அன்று. லித்தியமும் அயோடினும் தொடும் இடத்தில் உருவாகும் லித்தியம் அயோடைடு அடுக்கே இரண்டையும் பிரிக்கும் தடுப்பாகவும் அயனிகள் செல்லும் வழியாகவும் அமைகிறது; கசிவதற்குத் திரவமே இல்லை. நாள்பட அடுக்கு தடித்து மின்தடை ஏறும். மைக்ரோ ஆம்பியர் அளவே தேவைப்படுவதால் அது குறையாகாது. மாற்ற வேண்டிய காலத்தையும் அந்த ஏற்றமே முன்கூட்டி உணர்த்திவிடும்.

மின்கலமும் மருத்துவமும் உண்மையாகவே சந்திக்கும் ஆய்வு வேண்டுமானால் வேதியியலாளர் எஸ்தர் டக்கியுச்சியின் கட்டுரைகளைப் படியுங்கள். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு அதிர்வு கொடுத்துச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டருக்குச் சில நொடிகளில் ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் வேண்டும். அயோடின் மின்கலத்தால் அது இயலாது. அவர் உருவாக்கிய மின்கலத்தில் வெள்ளி வனேடியம் ஆக்சைடு இருக்கிறது. பயன்படும்போது அதிலுள்ள வெள்ளி அயனிகள் உலோகமாகி மின்கடத்தலைக் கூட்டுகின்றன.

மறுமொழி 3 (வினா எழுப்பிய மாணவி):
இருவருக்கும் நன்றி. தந்தையின் பரிசோதனை அறிக்கையில் மின்கலத்தின் மின்தடை கிலோ ஓம் கணக்கில் குறிக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடி வருகிறது. ஐயா சொன்ன அயோடைடு அடுக்குதானா அது?

மறுமொழி 4 (மருத்துவக் கருவிப் பொறியாளர்):
அயோடின் வகை என்றால் அதுவே. ஆனால் இன்று வேறு வகை லித்தியம் மின்கலங்களும் பேஸ்மேக்கர்களில் வருகின்றன. கருவியின் கையேட்டில் வகையைப் பார்த்துவிட்டு, அந்த எண்ணின் பொருளை மருத்துவரிடமே கேளுங்கள்.